செங்கல் மேட்டுக் காணி

மகன், உம்மாவின் ஸலாம். நீ கட்டாருக்குப் போனதிலிருந்து அடிக்கடி போன் எடுக்கிறாய். நான் உன் முகத்தைப் பார்க்கிறேன், மெலிந்துவிட்டாயா என்று பார்க்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பிறகு "வாப்பா எங்க?" என்று நீ கேட்பாய். "வெளியில நிக்கிறார்" என்று நான் சொல்வேன். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார் என்பது உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு கதைக்க எதுவும் வராது. கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே மனைவியை இங்கே விட்டுவிட்டுக் கடல் கடந்து போன மகனுக்கு ஒரு தாய் நாலு புத்தி சொல்லி எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மகன், எனக்குள் புத்தியென்று ஒன்றும் தெளிவாக இல்லை. குழம்பிப் போய்த்தான் இருக்கிறேன். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும்; ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போது எனக்கே ஏதாவது விளங்குகிறதா பார்ப்போம்.

இந்தக் காணிக்கு நாங்கள் வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். தொண்ணூறில் இயக்கக்காரர்கள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் போகச் சொன்னபோது எனக்குக் கலியாணமாகி அதிக நாள் ஆகவில்லை. உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். பிறகு முகாம். நீ பிறந்ததும் முகாமில்தான், கிடுகுக் குடிலுக்குள். வாப்பா உப்பளத்தில் வேலை செய்தார், நான் தென்னோலையில் கிடுகு பின்னி விற்றேன். வண்ணாத்திவில்லுக்கு அப்பால், ஆற்றுப் பக்கமாக ஒரு காணி விலைக்கு இருக்கிறதென்று யாரோ சொல்ல, வாப்பா சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கல்லும் முள்ளும்தான். ஆனா ஆரும் எழும்பச் சொல்லாத இடம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் சம்மதித்தேன். பற்றைகளை வெட்டி, முந்திரிக் கொட்டைக்காகக் கஜு மரங்கள் நட்டு, முன் பக்கத்தில் இந்தச் சின்ன வீட்டைக் கட்டினோம். பின் பக்கத்தில் மேடு இருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகி வளவுக்குள் வந்தாலும் அந்த மேடு மட்டும் நனையாது. அதில் இடைக்கிடை செங்கல் தெரியும். இந்தக் காலத்துச் செங்கல்லைப் போல இரண்டு மடங்கு பெரிய செங்கல். ஒல்லாந்தர் காலத்தில் ஏதாவது பண்டகசாலை இருந்திருக்கும் என்று வாப்பா சொன்னார், நாங்களும் அப்படியே நம்பினோம். அதில் இரண்டு கல்லை எடுத்துத்தான் நான் அடுப்பு வைத்தேன். நீ சாப்பிட்டு வளர்ந்த சோறு முழுவதும் அந்த அடுப்பில் வெந்ததுதான்.

உன் கலியாணம் பேசி முடித்தபோது, ஸஹ்ரா வீட்டார் புத்தளத்தில் வீடு தருகிறோம் என்றார்கள். நம் பக்கத்தில் அதுதானே வழமை. நீ சீதன வீடு வேண்டாமென்று ஒரே பிடியாக நின்றாய். எனக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியில் பயம். வாப்பா எழும்பிப் போய் வளவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "அப்ப ஊட்டை நான் கட்டித் தாறேன். மேட்டுக்கு மேல. ஆத்துத் தண்ணி என்ன வந்தாலும் என்ட மருமகள்ட கால் நனையாது" என்றார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நீ பார்த்தாய். அதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

அத்திவாரம் வெட்ட வந்தவர் சுனில் பாஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மேசன், எங்கள் கிணற்றையும் கட்டியவர். அவரும் அவருடைய ஆட்களும் மேட்டின் நடுவில் வெட்டும்போது அலவாங்கு கல்லில் பட்டது. சுற்றிவர மண்ணை எடுத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோன நேரம் அது. தட்டையான பெரிய பலகைக்கல். அதில் இரண்டு பாதங்கள் செதுக்கியிருந்தன. எந்த மனிதனுக்கும் இல்லாத அளவு பெரிய பாதங்கள். விரல்கள் எல்லாம் ஒரே நீளம். உள்ளங்காலின் நடுவில் சக்கரம். சுனில் பாஸ் செருப்பைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு வந்தார். மற்ற ஆட்களும் கழற்றினார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு, என் செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். கழற்றினால் என்ன அர்த்தம், கழற்றாவிட்டால் என்ன அர்த்தம்? கடைசியில் தட்டை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது, மகன்.

வாப்பா வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "பாஸ், இதை மூடுங்க. ஆர்ட்டயும் சொல்லவேணாம்" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன் நாநா. உங்கட சோறு திண்ட ஆள் நான். ஆனா இதுக்கு மேல கட்டவும் மாட்டேன். வேற பாஸ் ஒருத்தரைப் பாத்துக்கங்க." இதைச் சொல்லும்போது சுனில் பாஸின் கண் கலங்கியிருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் வாப்பாவும் கோபப்பட்டிருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. சாமான்களை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பகல் சாப்பாட்டில் நீங்கள் இரண்டு பேரும் கதைத்தது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ நில அளவை படித்தவன், எல்லையும் கல்லும் உன் தொழில். "இதை அறிவிக்கணும் வாப்பா. சட்டம் அப்பிடித்தான். மறைச்சு வச்சு நாளைக்கு வெளிய வந்தா, வேணுமெண்டு மறைச்சாங்க எண்டுதான் சொல்லுவாங்க" என்றாய்.

"மறைக்கிறதுக்கு நான் களவா எடுத்த? என்ட காணிக்குள்ள கிடந்த கல்லை என்ட காணிக்குள்ளயே மூடுறன்."

"காணி நம்மட. கல்லு நம்மட இல்ல வாப்பா."

"அவங்க கல்லை மட்டும் எடுத்திட்டு, காணியை உட்டுட்டுப் போவாங்களா? சொல்லு. நீ படிச்சவன்தானே, சொல்லு."

உன் குரல்தான் உயர்ந்தது. "மன்னார்ல சொந்த ஊட்டையே உட்டுக்குடுத்துட்டு வந்தீங்க. இங்க என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டாய்.

"அங்க உட்டதாலதான்" என்றார் வாப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினீர்கள். "உம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நீ கேட்டாய். நான் "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். உனக்கு என்மேல் வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. உனக்குச் சொல்ல எனக்கு ஒரு புத்தி உண்டென்றால் அது இதுதான்: நாளைக்கு ஸஹ்ரா உன்னிடம் இப்படிச் சோற்றைப் பற்றிக் கதைத்தால், அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதே. எனக்கு அன்று சொல்ல இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று மறித்துக்கொண்டன.

மன்னார்க் கதையை நீ பாதிதான் அறிவாய். சண்டை முடிந்த பிறகு நாங்கள் வீடு பார்க்கப் போனபோது நீயும் வந்தாய். ஆனால் நீ வேனுக்குள் தூங்கிவிட்டாய். எங்கள் வீட்டில் வேறு ஒரு குடும்பம் இருந்தது. அவர்களும் தங்கள் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள்தான். அந்தப் பெண் எங்களைக் கண்டதும் பதறி ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டாள். என் வீட்டில் எனக்கே தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். வாப்பா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தார். "தண்ணி இன்னும் உப்புக் கட்டல்ல" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் "இரிங்க புள்ள, ஆரும் உங்களை எழுப்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். காணி உறுதி நம் கையில் இருந்தது, வழக்குப் போட்டிருக்கலாம், பலபேர் போட்டார்கள். அவர் போடவில்லை. "அந்தப் புள்ளைக்கும் போக இடமில்ல" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அவரை நினைத்து நான் அழுதேன். இப்படியொரு மனிதனா என்று. அதே மனிதன்தான் இன்று ஒரு கல்லை மூடச் சொல்கிறார். இரண்டில் எது அவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? இரண்டும் அவர்தான் என்று சொல்லலாம். சொல்வது சுலபம். பக்கத்தில் இருந்து பார்க்கிறவளுக்கு அது போதவில்லை.

நீ அறிவித்தாய். ஒளித்துச் செய்யவில்லை, வாப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாய். அதை நான் எப்போதும் சொல்வேன். "நான் இண்டைக்குப் போய்ச் சொல்லப்போறேன் வாப்பா" என்று வாசலில் நின்று சொன்னாய். அவர் உன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நீ போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். மூடத்தான் போகிறார் என்று நினைத்தேன். தடுப்பதா உதவுவதா என்றே தெரியாமல் பின்னால் போனேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கூடை மண் கூடப் போடவில்லை. "உருவமாவது இருந்தா ஒரு வெறுப்பு வரும். இது கால் மட்டும்தானே கிடக்கு" என்றார். பிறகு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். நான் தொப்பி போட்ட பெரிய ஆட்களை எதிர்பார்த்தேன். வந்தவள் உன் வயதுப் பிள்ளை. சப்பாத்து முழுக்கச் சேறு, முகம் வெயிலில் கறுத்திருந்தது. அவளோடு நாலைந்து வேலையாட்கள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான். நீ இடையில் நின்று மொழிபெயர்த்தாய். மேட்டில் இருந்தது ஒரு பௌத்தத் தூபி, அதைச் சுற்றித் துறவிகள் இருந்த கட்டடம், கல்லில் இருப்பது புத்தரின் பாதம் என்றாள். கடலிலிருந்து வள்ளங்கள் சாமான் ஏற்றிக்கொண்டு இந்த ஆற்று வாய்க்கு வருமாம். இங்கே இறக்கி, வண்டியில் ஏற்றி, உள்நாட்டு ராசதானிக்குப் போகுமாம். அந்தப் பாதை நம் வளவுக்குப் பக்கத்தால்தான் போயிருக்க வேண்டும் என்றாள். வியாபாரிகள் போகும்போதும் வரும்போதும் தங்கிய இடம் இது. கட்டுவதற்குக் கைகொடுத்தவர்களும் அவர்களாகவே இருக்கலாம் என்றாள். மண்ணுக்குள்ளிருந்து சின்னச் சின்ன மணிகள் எடுத்தாள், சிவப்பும் நீலமும். உடைந்த சட்டித் துண்டு ஒன்றைக் காட்டி, இது கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்றாள். எங்கிருந்து என்று நான் கேட்டதற்கு, இந்தியாவாக இருக்கலாம், அரபு நாட்டுப் பக்கமாகவும் இருக்கலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்றாள். நான் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் சட்டி மாதிரித்தான் இருந்தது.

எனக்கு மனதில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. "புள்ள, என்ட அடுப்புக் கல்லு ரெண்டும் அதிலருந்து எடுத்ததுதான். திருப்பித் தரணுமா?" என்று கேட்டேன். நீ தலையில் கை வைத்தாய். அவள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள், குந்தியிருந்து கரி பிடித்த கல்லை அளந்தாள், போட்டோ எடுத்தாள். "இப்பக்கி இருக்கட்டும் அம்மா. உடைக்க வேணாம்" என்றாள். அன்றிலிருந்து அந்த அடுப்பில் சட்டியை வைக்கும்போது, சத்தம் வராமல் வைக்கிறேன். ஏனென்று என்னைக் கேட்காதே.

வாப்பா அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காணி ஆருக்கு?"

அவள் நேராகப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது அங்கிள். நான் தோண்ட வந்தவள். அதை முடிவு செய்றது நான் இல்ல." பொய் சொல்லி ஆறுதல் படுத்தியிருக்கலாம். அவள் செய்யவில்லை. அதற்காக அவளை மதிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் வாப்பா எழும்பிப் போனார். எனக்கும் அதே நிலைதான்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் சுனில் பாஸின் மனைவி குசுமா, ஒரு தட்டில் வெள்ளைப் பூவோடு. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பாதங்களுக்குப் பக்கத்தில் பூவை வைத்துவிட்டு, கைகூப்பி, ஏதோ மெதுவாகச் சொன்னாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளில் பூ வாடிப்போனது. வளவு கூட்டும்போது அதைக் கூட்டுவதா விடுவதா என்று விளக்குமாறோடு நின்றேன். கூட்டினால் குற்றமோ, விட்டால் நானும் அதில் சேர்ந்ததாகுமோ? அவளிடமே கேட்டேன். "வாடினதைக் கூட்டத்தான் வேணும் அக்கா. வாடும் எண்டு தெரிஞ்சுதானே பூ வைக்கிற" என்றாள். கூட்டினேன். ஆனால் குப்பையில் போடவில்லை, கஜு மரத்தடியில் போட்டேன்.

பிறகு அக்கரைப் புத்த விகாரையின் பன்சலையிலிருந்து ஹாமதுரு வந்தார். மிகவும் வயதான துறவி. கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மரநிழலில் கதிரை போட்டு வெள்ளைத் துணி விரித்துக் கொடுத்தோம், நான் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்தேன். வாப்பா எதிரில் நின்றார். ஹாமதுரு அவரை உட்காரச் சொன்னார். சிங்களத்தில் அவர் சொன்னதை நீதான் எங்களுக்குச் சொன்னாய்: "நான் எடுத்துக்கொள்ள வரவில்லை, பார்க்க வந்தேன். இத்தனை வருடம் இதை உடைக்காமல் வைத்திருந்ததற்கு நன்றி. ஆனால் எனக்குப் பிறகு வருகிறவர்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது." அதை அவர் மிகவும் கவலையோடு சொன்னார். அந்த நேரம் என்னால் அவரை வெறுக்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது நடந்தது. அடுத்த பௌர்ணமிப் போயாவுக்கு முன்னரே எங்கிருந்தோ சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். நம் வீட்டையும் வாப்பாவையும் போனில் படம் பிடித்தார்கள். "இது எங்கட இடம், நீங்க எப்ப வந்த?" என்று ஒருவன் கேட்டான். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கேள்விப்பட்டு அக்கரையிலிருந்து வந்த சுனில் பாஸ் வேலியால் ஓடிவந்து அவர்களோடு சத்தம் போட்டார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. அவர்கள் போனார்கள். திரும்பி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாய் குரைத்தால் எழும்பிப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

அந்த மாலையில்தான் வாப்பா உன்னிடம் சொன்னார்: "பாத்தியா? எப்ப வந்த எண்டு கேக்குறான். முப்பது வருசமா இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இங்க ஒதுங்கியிருந்தேன். நீ போய் அதைக் கூட்டிக்கொண்டு வந்துட்டாய்." நீ "வாப்பா..." என்று ஏதோ சொல்ல வந்தாய். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதோடு கதை நின்றது.

உன் கலியாணம் புத்தளத்தில் வாடகை வீட்டில் நடந்தது. நிக்காஹ் சபையில் அவர் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், வந்தவர்களை வரவேற்றார், வட்டமாக இருந்து சாப்பிட்டவர்களைச் சகனுக்குச் சகன் போய் விசாரித்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. உன்னோடு மட்டும் கதைக்கவில்லை. நீ பயணம் போகும் நாளில் கட்டுநாயக்கா எயார்போர்ட் வரைக்கும் வந்து வேனுக்குள்ளேயே இருந்துவிட்டார். நீ கண்ணாடிக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னாய். அவர் பதில் ஸலாம் சொன்னார், எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டிருக்காது, கண்ணாடி மூடியிருந்தது. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது மேட்டைச் சுற்றிக் கட்டை நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீடும் முன்பக்கத்து மரங்களும் கம்பிக்கு வெளியில்தான் இருக்கின்றன. அப்படியே இருக்குமா, கம்பி இன்னும் நகருமா என்று யாருக்கும் தெரியாது. விசாரித்தால் இன்னும் முடிவாகவில்லை என்கிறார்கள். உன் மாமா, ஸஹ்ராவின் வாப்பா, புத்தளத்திலிருந்து போன் எடுத்து, "மருமகன் செஞ்ச வேலையால நீங்க நடுத்தெருவுக்கு வரப்போறீங்க" என்று ஏசுகிறார். ஸஹ்ரா வரும்போது, "அவர் செஞ்சது சரி மாமி, எனக்கு மேட்டு ஊடு வேணாம்" என்கிறாள். பிறகு போய் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஜு உடைக்கிறாள். அவர் தான் உடைத்த பருப்பை அவள் பக்கம் தள்ளி வைக்கிறார்.

அன்று சாப்பாட்டில் நீ கேட்ட கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் இல்லை, மகன். நீ செய்தது சரி என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறேன். காலையில் எழும்பி வாப்பாவின் முதுகைப் பார்த்ததும் அவர் சொன்னது சரி என்று படுகிறது. இங்கே யார் முந்தி, யார் பிந்தி என்று தோண்ட வந்த அந்தப் பிள்ளையிடம் ஒரு நாள் கேட்டேன். தூபிக்குக் கீழேயும் ஆட்கள் அடுப்பு மூட்டிய சாம்பல் இருக்கிறது, அவர்கள் யாரென்று தெரியாது என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் குழப்பியதா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம் போலிருக்கிறது. நீ சரியாக இருந்திருக்கலாம். ஆனால் சரியான ஆள் பயந்த ஆளை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிடக் கூடாது. கொஞ்சம் பின்னுக்கு வந்து கூடவே நடக்க வேண்டும். அதை நீயும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

போன கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தோண்டுகிறவர்கள் மழைக்காலம் வருகிறதென்று வேலையை நிறுத்தி, குழிகளுக்கு மேல் தறப்பாள் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு வானம் இருண்டு ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழும்பியது. வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தறப்பாள் கழன்று பறந்து கம்பியில் மாட்டிப் படபடவென்று அடித்தது. மழை இறங்கியது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "கயித்தை எடுத்துக்கொண்டு வா" என்று எனக்குச் சொல்லிவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடுவதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. போய்ப் பார்த்தால், அவர் கம்பிக்குள் நுழைந்து குழிக்குள் இறங்கியிருந்தார். தண்ணீர் முழங்கால் வரை. ஒரு பக்கத்துச் செங்கல் வரிசையின் அடிமண் கரைந்து, இரண்டு மூன்று கல் சரிந்துகொண்டிருந்தது. அவர் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "தறப்பாளை இழு, இழு!" என்று கத்தினார். நான் இழுத்தேன், மரக்கட்டையில் கட்டினேன், காற்று பிடுங்கியது, திரும்பவும் கட்டினேன்.

"என்னத்துக்கு உங்களுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"விழுந்தா நாமதான் உடைச்சோமெண்டு சொல்லுவாங்க" என்றார்.

சரிதான், பயத்தில்தான் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தறப்பாள் கட்டி முடிந்த பிறகும் அவர் மேலே வரவில்லை. தண்ணீரை வாளியால் வெளியே இறைத்துவிட்டு, சரிந்த கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி, பழைய இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தார். நானும் உள்ளே இறங்கிப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். தலைக்கு மேலே மழை கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே, "எவ்வளவு சரியா வச்சிருக்கானுகள் பாரு. நூல் புடிச்ச மாதிரி" என்றார். யாரைச் சொன்னாரோ. பிறகு, "மகன் இந்தச் சுவரைப் பாத்தானா?" என்று கேட்டார். உன்னை மகன் என்று அவர் சொல்லி எத்தனையோ மாதமாகியிருந்தது.

"ஓம், பாத்தான்" என்றேன். "உங்களுக்கும் காட்டத்தான் வந்து கூப்பிட்டான். நீங்க போகல்ல."

அவர் தலையை ஆட்டினார். மழை விடும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். எழும்பும்போது, "அவனுக்குச் சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல?"

அவர் யோசித்தார். "தெரியாது" என்றார். பிறகு, "சுவர் நிக்குது எண்டு சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன், மகன். சுவர் நிற்கிறது.